கச்சான் இறங்கும் சரிவு

அப்புத்தளையில் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் நிற்கும் மலைமுகடு, இருபது கிலோமீற்றருக்கும் குறைந்த நேர்த்தூரத்தில் வெல்லவாயச் சமவெளியின் 200 மீற்றர் மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. இலங்கையின் மத்திய மலைநாடு தெற்கே முடியும் இந்தப் பெருஞ்சரிவின் இடைப்பகுதியில், கொழும்பிலிருந்து பலாங்கொடை, பெரகலை வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரத்தில் கொஸ்லந்தை அமைந்திருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலும நீர்வீழ்ச்சி விழுகிறது. மேலே தேயிலை, நடுவே மானாப்புல் மூடிய பத்தனை நிலங்கள், இடையிடையே பைனஸ், யூகலிப்டஸ் தோப்புகள், கீழே சேனைப் பயிர்நிலங்களும் வறண்ட காடும் என அடுக்கடுக்காக அமைந்த இந்த நிலத்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை தீக்காலம் நிலவுகிறது. ஒக்டோபரில் அதே சரிவுகளின் மீது இடியுடன் கூடிய கனமழை இறங்குகிறது. நிருவாகக் கோப்புகளில் தீ ஒரு திணைக்களத்துக்கும் மண்சரிவு இன்னொரு நிறுவனத்துக்கும் உரியதாகப் பிரிந்து கிடந்தாலும், வளிமண்டலவியல் நோக்கில் இவை ஒரே ஆண்டுச் சுழற்சியின் அடுத்தடுத்த கட்டங்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

காட்டுத்தீக்கு எரிபொருள், ஒட்சிசன், வெப்பம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் எரிபொருள் இருக்கும் இடமெல்லாம் எல்லா நாளும் எரிவதில்லை. எரியக்கூடிய நாளைத் தீர்மானிப்பது வானிலை. வெப்பநிலை, காற்றின் ஈரம், காற்றின் வேகம், கடைசியாக மழை பெய்து எத்தனை நாளாயிற்று என்பது ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு சிறு பொறியைப் பெருந்தீயாக வளர்க்கத்தக்க நிலையை எட்டும்போது அதனைத் தீ வானிலை என்று அறிவியலாளர் அழைக்கின்றனர். வெப்பநிலை 30 பாகை செல்சியசுக்கு மேல், சாரீரப்பதன் 30 சதவீதத்துக்குக் கீழ், காற்று மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் என்னும் மூன்று முப்பதுகள் ஒன்றுகூடும் நாளை மிக ஆபத்தான நாளாகக் கொள்ளும் எளிய விதி பல நாட்டுத் தீயணைப்பாளரிடையே வழங்குகிறது. சாரீரப்பதன் என்பது, குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்றில் நிறையக்கூடிய நீராவியில் உண்மையில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதைக் காட்டும் அளவாகும். நீராவியின் அளவு மாறாதிருந்தாலும் காற்று சூடேறினால் இந்தச் சதவீதம் வீழ்ந்துவிடும் என்பதை மனத்திற் கொள்வது கொஸ்லந்தையின் கதையைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

ஏனெனில் இங்கு வீசும் காற்று மலையேறி இறங்கும்போதே சூடேறி வருகிறது. மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. மேலெழும் காற்று விரிந்து குளிர்கிறது. முகில் உருவாகாத வரை கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 பாகை வீதம் குளிரும் அது, முகில் உருவாகத் தொடங்கியதும் நீராவி ஒடுங்கும்போது வெளிவிடும் மறைவெப்பத்தினால் கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 5 பாகை மட்டுமே குளிர்கிறது. ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். மேற்குக் கரையில் 28 பாகையில் புறப்படும் காற்று, 600 மீற்றரில் முகிலாகி, 1,800 மீற்றர் முகட்டை அடையும்போது 16 பாகைக்கு வந்திருக்கும். ஏறும் வழியிலேயே ஈரத்தின் பெரும்பகுதியை மழையாகப் பொழிந்துவிட்ட அக்காற்று மறுபுறம் இறங்கும்போது, ஒடுங்குவதற்கு நீர் இல்லாமையால், முழு 10 பாகை வீதத்தில் சூடேறி, 200 மீற்றர் மட்டத்தை அடைகையில் 32 பாகையைத் தொடுகிறது. மேற்கில் அதே 200 மீற்றர் உயரத்தில் அது 26 பாகையாக இருந்தது. மலையைக் கடந்ததனால் மட்டுமே 6 பாகை கூடியிருக்கிறது. முகட்டில் நூறாக இருந்த சாரீரப்பதன் அடிவாரத்தில் 45 சதவீதத்தை அண்மித்துவிட்டது. மேலேயுள்ள வறண்ட காற்றும் இதனோடு கலக்கும் நாள்களில் அது இன்னும் கீழே போகும். அல்ப்ஸ் மலைகளில் ஃபோன் எனப் பெயர்பெற்ற இவ்வகைக் காற்றை, வாடை, கொண்டல், சோளகம் என்று காற்றுகளைத் திசைபிரித்து அழைக்கும் ஈழத்துத் தமிழர் கச்சான் என்கின்றனர். மட்டக்களப்புவரை வெக்கையைக் கொண்டுசெல்லும் இந்தக் காற்றின் பெயர் உலக வளிமண்டலவியல் அகராதிகளிலும் இடம்பெற்றிருக்கிறது.

தேயிலை வாணிகம் இந்தக் காற்றை நன்றாக அறியும். ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை, இச்சரிவு அடங்கும் ஊவாவில் உற்பத்தியாகும் தேயிலைக்குரிய தனி மணம், கச்சானின் வறட்சியில் செடி வளர்ச்சி குன்றித் துளிரில் மணப்பொருள்கள் செறிவதால் உண்டாவது; அவற்றுள் முதன்மையான மெதைல் சலிசிலேற்றுதான் ஊவாத் தேநீருக்கு அந்தக் குளிர்ச்சியான, மருந்துவாசம் கலந்த சுவையைத் தருகிறது. ஏல விற்பனையாளர் எதிர்பார்த்துக் காத்திருக்கும் வாரங்களே பத்தனை எரியும் வாரங்களாகவும் இருப்பது தற்செயல் அன்று.

பத்தனையில் எரிவது பெரும்பாலும் மானா. சிட்ரனெல்லா எண்ணெய் தரும் புல்லின் நெருங்கிய உறவான இது, ஆள் மறையும் உயரத்துக்குப் புதர்புதராக வளர்வது. தோட்டங்களில் இளந்தேயிலைக்கு மூடாக்காகப் பரப்பப்படுவதும் இதுவே. ஒரு மானாப் புதரைப் பிரித்துப் பார்த்தால் அது தீக்கென்றே அமைந்ததுபோல் தோன்றும். வெளியே தொங்கும் முதிர்ந்த தாள்கள் காய்ந்து மெலிந்தவை. அவற்றுக்கிடையே காற்று புகுவதற்கு வேண்டிய இடைவெளி உண்டு. இலையில் ஆவியாகும் எண்ணெயும் உண்டு. ஆனால் புதரின் அடியில், நிலமட்டத்தை ஒட்டி, நெருக்கமான இலையுறைகள் பல சுற்றாகப் போர்த்திய உள்ளிடத்தில் வளர்முனை பத்திரமாக இருக்கிறது. மேலே சுவாலை கடந்துபோன சில வாரங்களில் அங்கிருந்து பச்சைத் தளிர் வெளிவரும். மாடு வளர்ப்போர் பத்தனைக்குத் தீ வைப்பதன் நோக்கமும் இந்தத் தளிரே. மரக்கன்றுகள் இப்படித் தப்புவதில்லை. ஆகவே ஒவ்வொரு தீயும் காட்டை ஓர் அடி பின்தள்ளிப் புல்லை ஓர் அடி முன்னேற்றுகிறது. தடித்த பட்டையால் தீயைத் தாங்கும் சில மரங்கள் மட்டும் ஊவாவின் புல்வெளிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. கடுக்காய், தான்றி, நெல்லி என அவற்றின் பெயர்களை அடுக்கினால் சித்த மருத்துவம் அறிந்தவருக்குத் திரிபலா சூரணம் நினைவுக்கு வரும்.

இந்தப் புல்வெளிகள் இயற்கையாகத் தோன்றியவையா, காட்டை அழித்து மனிதன் உண்டாக்கியவையா என்னும் விவாதம் 1899இல் பியர்சன் இலங்கைப் பத்தனைகளின் தாவரவியலை ஆராய்ந்து எழுதிய காலந்தொட்டு நடந்துவருகிறது. தோற்றம் எதுவாயினும், இன்று அவற்றைப் புல்வெளியாகவே நீடிக்கச் செய்வதில் தீக்குப் பெரும்பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

எரிபொருளின் பருமனுக்கும் அது வானிலைக்கு ஈடுகொடுக்கும் விரைவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. காய்ந்த புல்லும் சருகும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்திலேயே சுற்றியுள்ள காற்றின் ஈரத்துக்குத் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. விரல் பருமனான சுள்ளிக்குப் பத்து மணி நேரமும், கைபருமனான கிளைக்கு நூறு மணி நேரமும், பெரிய மரத்துண்டுக்கு ஆயிரம் மணி நேரமும் தேவைப்படலாம். சாரீரப்பதன் 80 சதவீதமாக இருக்கும் விடியற்காலையில் காய்ந்த புல் தன் உலர் எடையில் ஏறத்தாழ 15 சதவீத நீரை ஏந்தியிருக்கும். அந்நிலையில் தீக்குச்சி கிழித்து வைத்தாலும் தீ தடுமாறும். அதே புல், சாரீரப்பதன் 30 சதவீதத்துக்கு இறங்கும் பிற்பகலில் 6 சதவீத நீரளவில் நிற்கும். அப்போது ஒரு பீடித்துண்டு போதும். நேற்று மழை பெய்தது, ஆகவே இன்று பத்தனை எரியாது என்று கருதுவது இதனால்தான் தவறாகிறது. மழைக்குப்பின் வெயிலும் கச்சானும் சேர்ந்தால், காட்டின் உள்ளே மரத்துண்டுகள் ஈரமாக இருக்கும்போதே வெளியே மானா எரியத் தயாராகிவிடும். பைனஸ் தோப்புகளின் நிலை வேறு. அங்கே பிசின் நிறைந்த ஊசியிலைகள் ஆண்டுக்கணக்கில் மக்காமல் குவிந்து தடித்த படுகையாகக் கிடக்கின்றன. தீப்பிடிக்கச் சற்றுத் தாமதித்தாலும், பிடித்தபின் புல்லைப்போல் சில நிமிடங்களில் தணியாமல் நெடுநேரம் கனன்று மண்ணையே சுடுகின்றன.

சரிவு இதற்கெல்லாம் மேலே நின்று வேலை செய்கிறது. மேல்நோக்கி எரியும் தீயின் சுவாலை முன்னேயுள்ள புல்லின் பக்கம் சாய்ந்து, அது பற்றுவதற்கு முன்னரே அதனைச் சூடாக்கி உலர்த்திவிடுகிறது. சரிவு 10 பாகை கூடும்போது தீ மேலேறும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது அவுஸ்திரேலியத் தீயியலாளர் மக்ஆதர் வகுத்த விதி. 30 பாகைச் சரிவில் அது எட்டு மடங்காகிறது. 2018 மார்ச் 11ஆம் திகதி தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மலையேறச் சென்ற குழுவினர் புல் மூடிய செங்குத்துச் சரிவில் தீயிடம் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த கொடுமையின் பின்னே இருந்ததும் இந்தக் கணக்குத்தான். தியலுமவின் மேல் தடாகங்களைச் சுற்றி இப்போது கூடாரமிட்டுத் தங்கும் சுற்றுலாப் பயணிகளின் அடுப்புத் தீயைச் சூழ்ந்திருப்பதும் அதே வகைப் புல், அதே வகைச் சரிவு என்பதைச் சொல்லியாக வேண்டும்.

இலங்கையில் மின்னலால் மூளும் காட்டுத்தீ மிக அரிது. சேனைக்கு நிலம் திருத்துவோர், தளிர்ப்புல் வேண்டுவோர், வேட்டைக்காரர், அணையாத நெருப்பை விட்டுச்செல்வோர் ஆகிய மனிதரே ஏறத்தாழ எல்லாத் தீக்கும் மூலம். தீக்காலம் கச்சானோடு மட்டும் நின்றுவிடுவதுமில்லை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து அடுத்த மழை தொடங்காத பெப்ரவரி, மார்ச் மாதங்களிலும் குறுகிய வறட்சி ஒன்று உண்டு. 2025 பெப்ரவரியில் எல்ல பாறை மலையில் பரவிய தீயை அடக்க விமானப்படை ஹெலிகொப்டர் கொண்டு நீர் கொட்ட வேண்டியதாயிற்று. ஆயினும் பரப்பிலும் கால நீட்சியிலும் கச்சான் மாதங்களே மேலோங்கி நிற்கின்றன.

ஓகஸ்ட் கடைசியிலும் செப்டெம்பரிலும் கச்சான் தளரும்போதுதான் இன்னொரு ஆபத்து தலைகாட்டுகிறது. பருவக்காற்று வலுவிழக்கும் நாள்களில், காலை வெயிலில் சூடேறிய சரிவுகளை நோக்கிச் சமவெளிக் காற்று ஏறத் தொடங்குகிறது. கிழக்குக் கடற்கரையிலிருந்து உள்நாடு புகும் கடற்காற்றும் அதனோடு சேர்ந்து, மலைமுகட்டருகே மேற்குக் காற்றுடன் முட்டுகிறது. முட்டிய காற்றுக்கு மேலே செல்வதைத் தவிர வேறு வழியில்லை. நண்பகலில் பஞ்சுத்திரளாகத் தொடங்கும் முகில், பிற்பகல் இரண்டு மணியளவில் பத்துக் கிலோமீற்றருக்கும் மேல் ஓங்கிய இடிமுகிலாகிவிடும். முகிலுக்குக் கீழேயுள்ள காற்று இன்னும் வறண்டிருப்பதனால் முதல் மழைத்துளிகள் நிலத்தை எட்டுமுன்பே ஆவியாகின்றன. ஆவியாதல் வெப்பத்தை உறிஞ்சுவதால் சுற்றியுள்ள காற்று குளிர்ந்து, பாரமாகி, செங்குத்தாகக் கீழே விழுந்து, நிலத்தில் மோதி நாற்புறமும் சீறிப் பரவுகிறது. இதனை வெளிப்பாய்ச்சல் காற்று எனலாம். இடியுடன் கூடிய மழையின்போது தற்காலிகமாகப் பலத்த காற்றும் வீசக்கூடும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் தன் நாளாந்த அறிக்கையில் சேர்க்கும் வழக்கமான வாசகம், கேட்டுக்கேட்டுப் பழகிப் பலரது காதில் ஏறாமற் போன அந்த வாசகம், குறிப்பது இதைத்தான்.

எரிந்துகொண்டிருக்கும் பத்தனையின் மீது இக்காற்று இறங்கினால் நேர்வதைப் புரிந்துகொள்ளத் தீயின் வடிவத்தைக் கருத வேண்டும். மேற்குக் காற்றில் ஓடும் தீ கிழக்கு நோக்கி நீண்ட முட்டை வடிவில் வளர்கிறது. அதன் முனை குறுகலானது, பக்கவாட்டு விளிம்புகள் நீண்டவை, ஆனால் மெதுவாக எரிபவை. தீயணைப்போர் நிற்பது இயல்பாகவே அந்தப் பக்கவாட்டில்தான். காற்று சில நிமிடங்களில் செங்கோணமாகத் திரும்பிவிட்டால், அந்த நீண்ட விளிம்பு முழுவதுமே தீயின் முனையாக மாறிப் பாயும். 2013 ஜூன் 30ஆம் திகதி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் யார்னெல் குன்றில் 19 தீயணைப்பு வீரர்கள் மாண்டது, இடிமுகிலொன்றின் வெளிப்பாய்ச்சல் தீயின் திசையைத் திருப்பியதனாலாகும். பயிற்சி பெற்ற அவர்களுக்கே அந்த நிலை என்றால், பச்சைக் கிளையை வெட்டித் தீயை அடித்தணைக்க லயக் குடியிருப்பிலிருந்து ஓடிவரும் தோட்டத்து இளைஞருக்குக் கருமுகிலைப் பார்த்தவுடன் ‘மழை வருகிறது, தீ அணைந்துவிடும்’ என்று ஆறுதல் கொள்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை விளக்க வேண்டியதில்லை. மழைக்கு முன்னே காற்று வரும். முகில் திரண்டு, காற்று திடீரென்று ஓய்ந்து, பின் குளிர்ந்த வீச்சொன்று முகத்தில் பட்டால், சரிவின் மேற்பக்கத்தை விட்டு ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலத்துக்குள் போய்விடுவதே பாதுகாப்பு. எரிந்த நிலம் மறுபடி எரியாது.

ஒக்டோபரில், இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட இரண்டாம் இடைப்பருவம் தொடங்கியபின் இத்தகைய முகில்கள் வெறும் காற்றோடு நிற்பதில்லை. தீயால் மொட்டையான சரிவில் மழைத்துளியின் அடியைத் தாங்கப் புல்லும் இல்லை, சருகும் இல்லை. துளிகள் மண்துகளைப் பெயர்க்கின்றன. பெயர்ந்த நுண்மண்ணும் சாம்பலும் மண்ணின் நுண்துளைகளை அடைக்கின்றன. உள்ளே இறங்க வேண்டிய நீர் மேலோடுகிறது. பைனஸ் படுகை கனன்ற இடங்களில், எரிந்த கரிமப் பொருளிலிருந்து கிளம்பிய மெழுகாவி சற்றுக் கீழேயுள்ள குளிர்ந்த மண்துகள்கள்மீது படிந்து, நீரை ஏற்காத ஒரு படையை உண்டாக்கிவிடுவதும் உண்டு. இவ்வாறு திரளும் நீரும் சேறும் முதலில் சென்றடைவது தேயிலை மலைகளின் கான்களை. சரிவில் நீரைப் பக்கவாட்டாக வடித்துப் பாதுகாப்பாக வெளியேற்றவென வெட்டப்பட்ட கான்கள் வண்டலால் தூர்ந்தால், நீர் கரையை மீறி ஓடி, வெடிப்புகளின் வழியே மண்ணுக்குள் இறங்கத் தொடங்குகிறது. கலிபோர்னியாவில் 2017 டிசெம்பரில் மூண்ட தோமஸ் தீ எரித்த மலையிலிருந்து, 2018 ஜனவரி 9ஆம் திகதிப் பெருமழையில் இறங்கிய சேற்றுவெள்ளம் மொன்டெசிட்டோ ஊரில் 23 பேரை வாரிச் சென்றது. தீக்கும் மழைக்கும் இடையே இருந்தது சில வாரங்களே.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். கொஸ்லந்தை என்றவுடன் நினைவுக்கு வரும் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தை மண்சரிவைத் தீயின் கணக்கில் எழுத முடியாது. லயங்களும் கோவிலும் வீடுகளும் புதையுண்டு, முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ முடிந்த அந்தக் காலைப்பொழுதின் பேரிடர், நிலையற்ற பழைய சரிவுமண் நாட்கணக்கான மழைநீரால் நிறைந்து வலுவிழந்ததன் விளைவு. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. ஆழமான மண்சரிவுகளைத் தீர்மானிப்பது நிலவியலும் நெடுமழையும் குடியிருப்புகளை எங்கே அமைத்தார்கள் என்பதுமே. தீ நேரடியாக வலுப்படுத்துவது மேல்மண் அரிப்பையும், ஆழமற்ற சரிவுகளையும், சேற்றுவெள்ளத்தையும்தான். ஆனால் இரண்டு வகை ஆபத்துக்கும் முன்னால் நிற்பவர் ஒருவரே: சரிவின் நடுவே, வேறிடம் தேடிப்போக வழியின்றி, நூற்றாண்டுப் பழைய லயத்தில் வாழும் தோட்டத் தொழிலாளி. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண்சரிவு லயங்களைத்தான் தேடிவந்தது.

மழையைப் பொறுத்தவரை எல்லையளவுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 மில்லிமீற்றரில் எச்சரிக்கை, 150 மில்லிமீற்றரில் வெளியேற்றம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தைப் படிப்படியாக அறிவிக்கிறது. உலர்ச்சிக்கும் இத்தகைய படிநிலைகளைக் கனடாவும் அவுஸ்திரேலியாவும் அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பயன்படுத்திவருகின்றன. அன்றைய வெப்பநிலை, சாரீரப்பதன், காற்று, மழை ஆகிய நான்கையும் கொண்டு கனடியர் கணிக்கும் தீ வானிலைச் சுட்டெண், மெல்லிய சருகின் ஈரத்தையும் அடியிலுள்ள மக்கின் ஈரத்தையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டுவது. பைனஸ் தோப்புக்கும் மானாப் பத்தனைக்கும் வெவ்வேறு எச்சரிக்கை தேவைப்படும் ஊவாவுக்கு அந்த அணுகுமுறை பொருந்தும்.

கருவிகளுக்காக அலைய வேண்டியதுமில்லை. கொழுந்தை வாட்டும் தட்டுகளின் அருகே, எந்தத் தேயிலைத் தொழிற்சாலையிலும் ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகள் இரண்டும் பக்கம் பக்கமாகத் தொங்குகின்றன. ஈரத்துணி சுற்றிய குமிழில் நீர் ஆவியாவதால் அந்த வெப்பமானி தாழ்ந்து காட்டும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவுக்கு இரண்டின் இடைவெளி விரியும். கொழுந்து எத்தனை மணி நேரத்தில் வாடும் என்று அறியப் பயன்படும் இந்த இடைவெளியே மானா எவ்வளவு எளிதில் தீப்பற்றும் என்பதையும் சொல்கிறது. மேலே கண்ட மாதிரிக் கணக்கின் 32 பாகைக் காற்றில் அது ஏறத்தாழ 9 பாகையாக இருக்கும். 12 பாகையைத் தாண்டினால் சாரீரப்பதன் 30 சதவீதத்தருகே இறங்கிவிட்டதென்று பொருள். இதுபோன்ற இணைக் கருவியொன்றைத் தொழிற்சாலைக்கு வெளியே நிழலில் தொங்கவிட்டு, பிற்பகல் இரண்டு மணி அளவீட்டை, மாலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் கரும்பலகையில் தொழிலாளர் அனைவரும் பார்க்க எழுதிவைக்கும் வழக்கத்தை, கச்சான் தொடங்கும் ஜூனிலேயே பெருந்தோட்ட நிருவாகங்கள் கொண்டுவர வேண்டும். இடைவெளி 12 பாகையைத் தொட்ட நாளில் தோட்ட எல்லைக்குள்ளும் அதையடுத்த பத்தனையிலும் எவரும் எக்காரணம் கொண்டும் நெருப்பு மூட்டக்கூடாது என்பதும், ஒக்டோபர் பிறக்குமுன் எரிந்த சரிவுகளுக்குக் கீழேயுள்ள கான்கள் தூர்வாரப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அந்தப் பலகையிலேயே எழுதப்படட்டும்.